வாயை மூடினால் ஓடு

மனிதகுலம் காதைத் தீட்டிக்கொண்டு கேட்கவேண்டிய செய்தி ஒன்று, அந்த ஜூலை மாதம், நியூ மெக்சிகோவின் வடக்கு மலைச்சரிவில் இருக்கும் லா குவெஸ்தித்தா கிராமத்துத் தபாலாபீஸ் சுவரில் ஒட்டப்பட்டது. வருகிற சனிக்கிழமை காலை பத்து மணிக்குத் தொடங்கிப் பன்னிரண்டு மணிக்குள், நம் முன்னோர் நானூறு வருஷமாகச் சேர்த்துவைத்த நீரறிவும் பயிரறிவும் மிச்சம் மீதியின்றி இளைய தலைமுறையிடம் ஒப்படைக்கப்படும். இடம்: கோயில் மண்டபம். ஒப்படைப்பவர்: வாழும் நூலகம், வாய்க்கால் மணியம் தோன் த்ராங்கிலீனோ அர்ச்சுலேத்தா. தலைமை: மூதாதையர் நீரறிவு மாற்றக் கழகத்தின் இயக்குநர் டாக்டர் எவரிஸ்தோ பாகா. ஒப்படைப்பு முடிந்ததும் போசோலே என்னும் சோளக் குழம்பு வழங்கப்படும்.

நானூறு வருஷத்துக்கு இரண்டு மணி நேரம் போதுமா என்று யாரும் கேட்கவில்லை. போசோலேயில் பன்றிக்கறி போடுவார்களா, வெறும் சோளம்தானா என்று மூன்று பேர் கேட்டார்கள். கழகத்து ஆள் சுவரில் வேறு இடம் தேடச் சோம்பல்பட்டு, ஏற்கெனவே இருந்த ஒரு தாளின் மேலேயே இதை ஒட்டிவிட்டுப் போயிருந்தார். அடியில் போன தாளில், சென்ற வருஷம் காடு எரிந்துபோன மலையில் இனி அரைமணி நேரம் மழை பெய்தாலும் வெள்ளம் வரும், தாழ்ந்த இடங்களில் குடியிருப்பவர்கள் ஜாக்கிரதையாக இருக்கவும் என்று எழுதியிருந்தது.

த்ராங்கிலீனோ இரண்டு தாளையும் படித்திருந்தார். இரண்டுக்கும் பயந்தார்.

அவர் பெயருக்கு அமைதியானவர் என்று அர்த்தம். ஞானஸ்நானத்தன்று பாதிரியார் கை நழுவித் தொட்டிக்குள் விட்டுவிட்டதாகவும், அன்றிலிருந்தே பிள்ளைக்குத் தண்ணீரைக் கண்டால் நடுக்கம் என்றும் வீட்டில் சொல்வார்கள். அப்படிப்பட்டவர் வாய்க்காலுக்கு மணியம் ஆனது எப்படியென்றால், பதினோரு வருஷத்துக்கு முன் பாசனக்காரர்கள் கூட்டத்தில் ஆள் தேர்ந்தெடுக்கும் நேரத்தில் அவர் ஒன்றுக்கிருக்க வெளியே போனார். திரும்பி வந்தபோது கை தட்டினார்கள்.

அன்றிலிருந்து மார்ச் மாதம் முப்பது பேரை மண்வெட்டியோடு வரிசையில் நிறுத்தி வாய்க்காலைத் தூர்வாரச் செய்வதும், கரையில் எலி தோண்டிய வளைகளைக் காலால் மிதித்து அடைப்பதும், யாருக்கு எந்தக் கிழமை எத்தனை மணி நேரம் தண்ணீர் என்று முறை வைப்பதும், முறை மீறினவர்களிடம் போய்த் திட்டு வாங்குவதும் அவர் வேலை. ஒரு வயலுக்குத் தண்ணீர் போதும் என்று எப்படிக் கண்டுபிடிக்கிறீர்கள் என்று டாக்டர் பாகா போன மாதம் வந்து நோட்டுப்புத்தகமும் கையுமாகக் கேட்டார். த்ராங்கிலீனோ உண்மையைச் சொல்லவில்லை. உண்மை, மண்வெட்டியை ஊன்றி நின்று நின்று இடுப்பு வலிக்க ஆரம்பித்தால் தண்ணீர் போதும் என்பது. அவர் யோசிப்பதுபோல் மலையைப் பார்த்தார். டாக்டர் நோட்டில், 'மலையைப் பார்த்து அறிகிறார்' என்று எழுதிக்கொண்டார்.

மலையைப் பார்த்தது பயத்தில். அது அடிப்பிடித்த சட்டி மாதிரி கறுத்துக் கிடந்தது. ஜூலை பிறந்ததிலிருந்து தினமும் மத்தியானம் அதன் தலைமேல் ஒரு மேகம் வந்து குந்தும். குந்திவிட்டு, ஒன்றும் செய்யாமல், நாலு மணிக்குக் கலைந்துபோகும். அந்த நாலு மணி வரைக்கும் த்ராங்கிலீனோவுக்குச் சோறு இறங்காது. மனைவி செலெதோனியா பீன்ஸும் பச்சை மிளகாய்க் குழம்பும் முன்னால் வைத்துவிட்டு, "மேகத்தத் தொட்டுக்கிட்டுச் சாப்பிடப் போறீங்களா?" என்று கேட்பாள்.

அவர் பயத்துக்கு ஒரு விலாசம் உண்டு. ஆற்றிலிருந்து பிரிந்து மலையடிவாரமாக வரும் வாய்க்காலில், முதல் வயல் கசிமீரோவினுடையது. அதைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் கலிங்கு. வாய்க்காலில் தண்ணீர் மிஞ்சினால் கலிங்கின் ஆறு பலகைகளையும் தூக்கிவிட வேண்டும். தண்ணீர் சரிவில் இறங்கி ஆற்றுக்கே திரும்பிவிடும். தூக்காவிட்டால் அது நேரே கீழே போய், கோயில் மண்டபத்தின் பக்கம் கரையை உடைக்கும். சரி, தூக்கிவிடலாம். தூக்கினால் தண்ணீர் போகும் வழியில் ஒரு வயல் இருக்கிறது. அது த்ராங்கிலீனோவின் வயல். அந்த வயலின் நடுவில் ஒரு ட்ரெய்லர் வீடு இருக்கிறது. அதில் அவர் மகள் செனாய்தாவும் அவளுடைய ஏழு மாதக் குழந்தையும் இருக்கிறார்கள். புருஷன் எண்ணெய்க் கிணற்று வேலைக்குத் தெற்கே போனால் மாதம் ஒருமுறைதான் வருவான்.

அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தது த்ராங்கிலீனோ. மட்டம் பார்த்து நிரவியதும் அவர்தான். முப்பது வருஷமாகத் தண்ணீர் வராத கலிங்கு, இனியா வரப்போகிறது என்று சொன்னதும் அவரே. இப்போது வேறு இடத்துக்குப் போய்விடு என்று மகளிடம் சொன்னால் அவள் அதே வாக்கியத்தைத் திருப்பிச் சொன்னாள்.

"நீங்க சொன்னதுதானேப்பா. முப்பது வருஷம்."

"அப்ப மலை எரியலம்மா."

"எரிஞ்சு ஒரு வருஷம் ஆச்சு. ஒரு சொட்டு வந்துதா? தக்காளி இப்பத்தான் பூ வைக்குது. அதப் பிடுங்கிக்கிட்டுப் போகவா?"

கலிங்குப் பலகைகளை இப்போதே எடுத்துவிடலாம் என்றால் கீழே இருபது வயல்களுக்குத் தண்ணீர் போகாது. அந்த இருபது பேரும் வெள்ளத்தைவிட மோசமானவர்கள்.

எப்போது தூக்க வேண்டும் என்று பார்த்து அறியத்தான் மணியம். அது த்ராங்கிலீனோவுக்குத் தெரியாது. அவருக்கு முன்னால் மணியமாக இருந்த தோன் ஃபிதென்சியோ விட்டுப்போன நோட்டில் யார் முறை மீறினார்கள், யார் யாரை மண்வெட்டியால் அடித்தார்கள் என்ற விவரம் மட்டும் சுத்தமாக எழுதியிருந்தது. தண்ணீரைப் பற்றி அவர் வாயால் சொன்னதாக த்ராங்கிலீனோவுக்கு ஒரே ஒரு பேச்சுத்தான் ஞாபகம். அதுகூடத் தண்ணீரைப் பற்றியதா என்பது சந்தேகம். த்ராங்கிலீனோவுக்குக் கல்யாணமான புதிதில் ஒருநாள், ஃபிதென்சியோ கலிங்குக் கல்லின் மேல் உட்கார்ந்து வாதுமைப் பழம் தின்றுகொண்டிருந்தார். கீழே வாய்க்கால் சலசலவென்று ஓடிக்கொண்டிருந்தது. பின்னால் வீட்டுக்குள்ளிருந்து அவர் மனைவி தோன்யா ப்ருதென்சியா அவரைத் திட்டிக்கொண்டிருந்தாள். கொட்டையைத் துப்பிவிட்டு ஃபிதென்சியோ சொன்னார்:

"பேசிக்கிட்டே இருந்தா பயமில்ல. வாய மூடினா ஓடு."

குடும்ப வாழ்க்கைக்கான புத்திமதி என்று த்ராங்கிலீனோ எடுத்துக்கொண்டார். செலெதோனியாவிடம் முப்பது வருஷம் பரீட்சித்துப் பார்த்ததில் அது முழுக்க முழுக்கச் சரியாகவே இருந்தது.

சனிக்கிழமை வந்தது. டாக்டர் பாகா புது ரப்பர் பூட்ஸ் போட்டு வந்தார். அதன் அடியில் விலைச்சீட்டு இன்னும் இருந்தது. பக்கத்து ஊர்ப் பள்ளியிலிருந்து பதினான்கு மாணவர்கள், கேமராவோடு இரண்டு பேர், ஊர்க்காரர்கள் ஒரு நாற்பது. எல்லா ஜன்னல்களும் திறந்திருந்தன. ஜன்னலுக்கு வெளியே பத்தடியில் வாய்க்கால். அதன் சத்தமும் ஒலிப்பதிவில் விழ வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். த்ராங்கிலீனோவின் சட்டையில் ஒரு சின்ன மைக்கைக் குத்திவிட்டார்கள். அவர் மூச்சுவிடுவது மண்டபத்தின் நாலு மூலையிலும் கேட்டது.

பாசனக்காரர்களில் வராதவர் கசிமீரோ ஒருவர்தான். அவர் செனாய்தாவுக்கு ஞானத்தகப்பன். ஆகவே அவரும் த்ராங்கிலீனோவும் ஒருவரையொருவர் கொம்பாத்ரே என்றுதான் அழைக்க வேண்டும், 'நீங்க' என்றுதான் பேச வேண்டும். பதினோரு வருஷமாக த்ராங்கிலீனோ அவரிடம், "நீங்க தண்ணி திருடறீங்க, கொம்பாத்ரே" என்று மரியாதையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

டாக்டர் பேசினார். நதிகள் நாகரிகத்தின் நரம்புகள் என்றார். நாம் தண்ணீரைப் பாய்ச்சவில்லை, தண்ணீர்தான் நம்மைப் பாய்ச்சுகிறது என்றார். ஒரு மாணவி போனில் எதையோ பார்த்துச் சிரித்தாள். த்ராங்கிலீனோ கடைசி ஜன்னல் வழியாக மலையைப் பார்த்தார். மேகம் அன்றைக்குச் சீக்கிரம் வந்திருந்தது. மத்தியானம் வரவேண்டியது பத்து மணிக்கே வந்து, வழக்கம்போல் வெளுப்பாக இல்லாமல், அடிவயிறு நீலம் பாரித்து உட்கார்ந்திருந்தது. அதற்குக் கீழே மலை தெரியவில்லை.

"இப்போது தோன் த்ராங்கிலீனோ," என்றார் டாக்டர், "தம் வாழ்நாள் முழுக்கத் தண்ணீரிடம் கற்ற ஒரே ஒரு பாடத்தை, ஒரு வாக்கியத்தில், இந்த இளைய தலைமுறைக்குச் சொல்வார்."

அவர் எழுந்து நின்றார். மண்டபத்துக் கடிகாரத்தில் பத்து மணி நாற்பது நிமிஷம். வாயைத் திறந்தார். சொல்ல எதுவும் இல்லை. பயம் மட்டும் இருந்தது, அதை ஒரு வாக்கியத்தில் சொல்ல முடியாது. நாற்பது ஊர்க்காரர்களும் பார்த்தார்கள். இவனுக்கு ஒன்றும் தெரியாது என்பது இன்னும் ஒரு நிமிஷத்தில் கேமராவிலேயே பதிவாகிவிடும். மண்டபம் அப்படி ஓர் அமைதியாக இருந்தது.

அமைதி.

ஜன்னலுக்கு வெளியே வாய்க்கால் பேசவில்லை.

பின்வரிசையில் ஒருவர், "கசிமீரோ கை வெச்சுட்டான்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். தண்ணீர் குறைந்தால் இந்த வாய்க்காலில் யாருக்கும் முதலில் தோன்றுவது இதுதான். இரண்டாவதாக எதுவும் தோன்றியதில்லை.

த்ராங்கிலீனோவுக்கும் அதுதான் தோன்றியது. கூடவே ஒரு வாதுமைக் கொட்டை துப்பப்படும் சத்தமும் கேட்டது. வாய மூடினா ஓடு. அது தோன்யா ப்ருதென்சியாவைப் பற்றி இல்லையோ? மேலே எங்கேயோ எரிந்த மரங்கள் உருண்டு வந்து ஆற்றை அடைத்துக்கொண்டிருக்கின்றனவோ? பின்னால் தண்ணீர் ஏறி ஏறி நிற்கிறதோ? அடைப்பு எத்தனை நேரம் தாங்கும்?

அவர் பக்கவாட்டுக் கதவு வழியாக வெளியே ஓடினார்.

டாக்டர் பாகா, இதுவும் ஒரு பாரம்பரிய முறையாக இருக்கலாம் என்று நினைத்துப் புன்னகை செய்தார். சட்டையில் மைக் அப்படியே இருந்தது. கலிங்கு இரண்டு வேலி தூரம்தான். ஆகவே வாழும் நூலகத்தின் உள்ளடக்கம் முழுவதும் ஒலிபெருக்கியில் வெளிவந்தது. முதலில் மூச்சு. மூச்சுக்கு நடுவே, 'பேசிக்கிட்டே இருந்தா பயமில்ல, வாய மூடினா ஓடு' என்ற முணுமுணுப்பு. அப்புறம் உழவர்களின் காவல் புனிதர் சான் இசித்ரோவை அழைத்து ஒரு வேண்டுதல். அப்புறம் முள்கம்பியைத் தாண்டும்போது, அதே சான் இசித்ரோவின் பெயரோடு சேர்க்கக் கூடாத ஒரு வார்த்தை. மாணவர்கள் அன்று முதன்முறையாகப் போனைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்கள்.

"செனாய்தா. பிள்ளையத் தூக்கு."

"என்னப்பா? கூட்டம் முடிஞ்சிருச்சா?"

"பிள்ளையத் தூக்கிக்கிட்டுக் கரைக்கு வா."

"இப்பத்தான் தூங்கினான். வாய்க்கால்ல தண்ணியே இல்ல, பாருங்க. ஞானத்தகப்பன் திருடிட்டாரு. அவர்கிட்டப் போய்க் கத்துங்க."

"தண்ணி இல்லாததுனாலதான் சொல்றேன்."

"தண்ணி இல்லாத வெள்ளமா?"

"மகளே, உன் அப்பனுக்கு ஒண்ணும் தெரியாது. பதினோரு வருஷமா ஒண்ணும் தெரியாது. பயமா இருக்கு. அதுக்காக வா."

மண்டபத்துக் கொல்லையில் போசோலே அண்டாவைக் கிண்டிக்கொண்டிருந்த செலெதோனியாவின் காதில் இது விழுந்தது. முப்பது வருஷத்தில் அவர் பயப்படாத நாளே இல்லை. பயமாக இருக்கிறது என்று ஒருநாளும் சொன்னதில்லை. அவள் கரண்டியைப் போட்டாள். உள்ளே வந்தாள். டாக்டரிடம், நிகழ்ச்சி இனி கோயில் மேட்டின் மேல் நடக்கும் என்று சொன்னாள். அட்டவணையில் அப்படி இல்லையே என்றார் அவர். செலெதோனியா வாயை மூடிக்கொண்டு அவரைப் பார்த்தாள். டாக்டர் மேட்டுக்கு முதல் ஆளாகப் போனார்.

கலிங்குப் பலகைகள் முப்பது வருஷச் சேற்றில் ஊறி ஒன்றோடொன்று ஒட்டிக்கிடந்தன. கடப்பாரையை நுழைத்து முதல் பலகையை எடுக்கவே பத்து நிமிஷம் போனது. செனாய்தா குழந்தையைக் கரைமேல் ஒரு பழக்கூடையில் வைத்துவிட்டு வந்து தானும் பிடித்தாள். இரண்டாவது பலகையில் அவர் நகம் பெயர்ந்தது. மூன்றாவதை எடுக்கும்போது கடப்பாரையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றுவிட்டார். இதைத் திறந்தால் எங்கே போகும் என்று அவர்கள் இரண்டு பேருமே பார்த்தார்கள். கொடியில் குழந்தையின் துணிகள் காய்ந்துகொண்டிருந்தன. தக்காளிக்குக் கட்டிய குச்சிகள் வரிசையாக நின்றன. அவர் மட்டம் பார்த்து நிரவிய தரை இன்னும் மட்டமாகவே இருந்தது.

"எடுங்கப்பா," என்றாள் செனாய்தா. "அங்க பிள்ளைங்க பதினாலு பேர் இருக்கு."

ஆறாவது பலகை வெளியே வந்தபோதும் வாய்க்காலில் ஒன்றுமில்லை. ஒரு கால்வாய்ச் சேறு, அதில் துள்ளும் இரண்டு மீன்குஞ்சு. த்ராங்கிலீனோவுக்கு வெட்கம் வந்தது. பயத்தைவிட வெட்கம் மோசமாக இருந்தது. மேட்டின் மேல் ஐம்பது பேர் நின்று இவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

முதலில் வாசனை வந்தது. தண்ணீர் ஊற்றி அணைத்த அடுப்பின் வாசனை. அப்புறம் சத்தம், மச்சில் யாரோ மரப்பெட்டிகளை இழுத்துப்போடுவதுபோல. கூடைக்குள் குழந்தை அழுகையை நிறுத்திவிட்டுக் கேட்டது.

வளைவில் வந்ததைத் தண்ணீர் என்று சொல்ல முடியாது. காய்ச்சிய தார் எழுந்து நடந்து வந்ததுபோல் இருந்தது. அதற்குள் முழு மரங்கள் கரிக்கட்டைகளாகப் புரண்டன. கலிங்கில் பாதிக்கு மேல் இறங்கியது. இறங்கி, வயலில் பரவி, ட்ரெய்லரின் கதவு வரை போய் ஒரு கணம் நின்றது. பிறகு விருந்தாளிக்கு நாற்காலியைத் திருப்பிப் போடுவதுபோல் வீட்டை மெதுவாக ஒரு சுற்றுத் திருப்பியது. எடுத்துக்கொண்டு போய்விட்டது.

மண்டபத்துக்குள் முழங்கால் அளவு சேறு வந்ததோடு சரி. கரை உடையவில்லை. ஓர் உயிருக்கும் சேதமில்லை. போசோலே அண்டா மட்டும் மூடியோடு மிதந்து கோயில் படியில் ஏறி நின்றது. அதை அதிசயம் என்று சொன்னவர்களும் உண்டு. உள்ளே பன்றிக்கறி இல்லை என்று சொன்னவர்களும் உண்டு.

இரண்டு வாரம் கழித்துக் கழகத்திலிருந்து புத்தகம் வந்தது. வழவழப்பான தாள். அட்டையில் த்ராங்கிலீனோ, நகம் பெயர்ந்த கையோடு. முதல் பக்கத்தில் பாடம் ஒன்று: 'வாய்க்கால் பேசிக்கொண்டிருக்கும்வரை பயமில்லை. வாயை மூடினால் ஓடு. நானூறு ஆண்டு நீரறிவின் சாரம்.' ஐந்து மாவட்டப் பள்ளிகளில் மாணவர்கள் இதை மனப்பாடம் செய்கிறார்கள் என்று டாக்டர் பாகா கடிதம் எழுதியிருந்தார். சான் இசித்ரோவின் பாதத்தில் ஒரு பிரதியை யாரோ வைத்தார்கள். தெருவில் ஆட்கள் த்ராங்கிலீனோவுக்குத் தொப்பியை எடுத்தார்கள். அவருக்கே மெல்ல மெல்ல நம்பிக்கை வந்தது. மத்தியானச் சாப்பாடு இறங்கத் தொடங்கியது. வாழ்க்கையில் முதன்முறையாக அவருக்கு ஒன்று தெரியும்.

தெரிந்ததனால்தான், அரசாங்கம் கொடுத்த மாற்று ட்ரெய்லரைப் பழைய இடத்திலேயே நிறுத்தலாம் என்று செனாய்தா சொன்னபோது அவர் தடுக்கவில்லை. இப்போதுதான் அடையாளம் தெரிந்துவிட்டதே என்றாள். வெள்ளம் விட்டுப்போன வண்டல் வேறு. அதில் பீன்ஸ் விதைத்து, அது முளைத்தும்விட்டது. ஆகஸ்ட் மாதம் ஒரு முற்பகல், அவர் அதே வயலில் சேற்றை வெட்டி, மறுபடி மட்டம் பார்த்து நிரவிக்கொண்டிருந்தார். மண்வெட்டி ஒரு பலகையில் இடித்தது. கலிங்குப் பலகை இல்லை. அதைவிடக் குட்டை, வாய்க்காலை மறித்துத் தண்ணீரை வயலுக்குத் திருப்பப் போடுவது, ஒரு பக்கம் கைப்பிடிக்காகச் செதுக்கியது. கழுவிப் பார்த்தார். மாட்டுக்குச் சுடும் சூட்டுக்கோலால் ஓர் எழுத்து போட்டிருந்தது. கசிமீரோவின் எழுத்து.

பலகையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு மேலே நடந்தார். கசிமீரோ வாசலில் உட்கார்ந்து மிளகாய் கோத்துக்கொண்டிருந்தார். பலகையைப் பார்த்ததும் மிளகாயை வைத்துவிட்டார்.

"காப்பி குடிக்கிறீங்களா, கொம்பாத்ரே?"

"இது உங்க பலகைதானே?"

"என் பலகை மாதிரிதான் இருக்கு. வெள்ளத்துல போயிருக்கும். எல்லாம்தான் போச்சு."

"எங்கேருந்து போச்சு? கொட்டகையிலேருந்தா? உங்க கொட்டகை மேட்டுல இருக்கு."

கசிமீரோ எழுந்து உள்ளே போய்க் காப்பி கொண்டுவந்தார். சர்க்கரை இரண்டு தடவை போட்டார். மலைமேல் மேகம் வந்து குந்தியிருந்தது. அடிவயிறு நீலமாக இருந்தது. வாசலுக்கு எதிரே வாய்க்கால் சலசலவென்று ஓடிக்கொண்டிருந்தது. கீழே, வெகு தூரத்தில், செனாய்தா இடுப்பில் குழந்தையோடு புதிய கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். ஒருமுறை மலையைப் பார்த்தாள். ஒருமுறை வாய்க்காலின் பக்கம் காதைத் திருப்பினாள். அடுத்த துணியை எடுத்தாள்.

"பீன்ஸு காஞ்சு கெடந்துது, கொம்பாத்ரே," என்றார் கசிமீரோ. "எல்லாரும் மண்டபத்துல இருப்பீங்க. ஒரு மணி நேரம் முழுசாத் தடுத்து எடுத்துக்கிட்டா யாருக்குத் தெரியப்போவுதுன்னு நெனச்சேன். உங்ககிட்ட வந்து சொல்லிறலாம்னுதான் இருந்தேன். அதுக்குள்ள புத்தகம் வந்துருச்சு."

மேலே இடி இடித்தது. வாய்க்கால் பேசிக்கொண்டே இருந்தது.

"எத்தன மணிக்கு, கொம்பாத்ரே?"

மண்டபத்துக்கு வெளியே வாய்க்கால் வாயை மூடியது பத்து நாற்பதுக்கு. கசிமீரோ பலகை போட்டது பத்தரை மணிக்கு.